ஜப்பான் கிரீமும் இருபத்திரண்டு கிணறுகளும்

என் நாத்தனாருக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்கு அவள் கறுப்பாக இருந்ததுதான் காரணம் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். நானும் இத்தனை வருஷம் மறுத்துப் பேசவில்லை. காரணம் நான். எனக்கு எழுபது ஆகப் போகிறது. எழுத்துக் கூட்டி எழுதுகிறவள், ஒரு பக்கம் முடிக்க ஒரு பொழுது ஆகும். ஆனாலும் அவசரம் ஒன்றும் இல்லை. அவளும் இந்த வீட்டில்தான் இருக்கிறாள், நானும் இந்த வீட்டில்தான் இருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயின் கடைசி மடைத் தண்ணீரில் விவசாயம் பார்க்கிற ஊர். இந்த வீட்டில் ஒரே மகன், ஒரே மகள். மகனுக்கு நான் வாக்கப்பட்டு வந்தேன். மகள் என்னைவிட இரண்டு வயது இளையவள். தினமும் பஸ்ஸில் போய்ப் பதினோராம் வகுப்பு வரை படித்தவள். எனக்கு அப்போது கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் நான் நல்ல சிவப்பு. எங்கள் பக்கத்து வெயிலில் வயலுக்கே போகாத பெண்கள்கூட அந்த நிறத்தில் இருப்பது அபூர்வம். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை, மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை.

கல்யாணமாகி ஐந்து வருஷம் எனக்குப் பிள்ளை இல்லை. நாத்தனார் நெல் அவிக்கும்போது என் காதில் விழும்படி, “அஞ்சு அறுப்பு முடிஞ்சிருச்சு, நம்ம வீட்டுல ஒரு தொட்டிச் சேலை கட்டக் காணோம்” என்பாள். நானும் சும்மா இருந்தவள் இல்லை. சாயங்காலம் அவள் நடையில் உட்கார்ந்திருந்தால், “வெளக்க ஏத்தி வச்சிட்டு உக்காரு தாயி, தெரியாம மிதிச்சிருவேன்” என்பேன். இப்படித்தான் பொழுது போனது.

அவளை மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். முதல் இடத்துக்காரர்கள் ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று போனவர்கள், போடவில்லை. இரண்டாவது இடத்தில் பையனின் அம்மா, பலகாரத் தட்டோடு போன என்னைப் பார்த்து, “இந்தப் பொண்ணுன்னு நெனச்சுல்ல வந்தோம்” என்றாள். அதை நான் நாலு நாள் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மூன்றாவது பையன் அவள் நீட்டிய காப்பியை வாங்காமலே எழுந்து போனான்.

அதன் பிறகு என் மாமியார் ஒரு முடிவுக்கு வந்தார். இனி வீட்டில் வைத்துப் பெண் காட்டுவதில்லை. ராமேசுவரத்தில், கோயிலுக்குப் போன இடத்தில், தற்செயலாகப் பார்த்துக்கொண்ட மாதிரி காட்டுவது. எங்கள் பக்கம் அது வழக்கம். பிடித்துவிட்டால் சாமி முன்னாலேயே பெண்ணுக்குப் பூ வைத்துப் பேச்சை முடித்துவிடலாம். பிடிக்காவிட்டால் ஊருக்குத் தெரியாது. சாயல்குடிப் பக்கம் நிலபுலம் உள்ள ஒரு குடும்பம் ஒத்துக்கொண்டது. பையன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அவர்களும் தீர்த்தமாட ராமேசுவரம் வருவதாக இருந்தார்கள்.

மாமியாருக்கு முழங்கால் வலி. அதனால் நானும் என் வீட்டுக்காரரும்தான் அவளைக் கூட்டிப் போக வேண்டும். கிளம்புகிற அன்று மாமியார் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

“அங்கன கப்பல்ல வர்ற ஜப்பான் கிரீம் விக்கிறாகளாம்ல. வாங்கி அவ மூஞ்சில பூசி விடு. நீ போறது அதுக்குத்தான்.”

“நானும் தீர்த்தமாடணும்ல அத்தை.”

“ஆடு. அதுலயாவது ஒனக்கு ஏதாவது தங்குதான்னு பாப்போம்.”

ராமநாதபுரம் வரை பஸ், அங்கிருந்து ரயில். அப்போது பாம்பனில் ரயில் பாலம் மட்டும்தான். பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது நாத்தனார் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டே வந்தாள். “உப்புக்காத்து, இன்னும் கறுத்துப் போவ” என்றேன். உடனே முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். கடலை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

கோயில் கிழக்கு வாசலிலிருந்து கடலுக்குப் போகிற தெருவில், சங்கு சோழி விற்கிற கடைகளுக்கு நடுவில் அந்த மாதிரிக் கடைகள் நாலைந்து இருந்தன. தலைமன்னாரிலிருந்து கப்பல் வந்துபோன காலம் அது. கப்பலில் வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுப்பதைக் கடைக்காரர்கள் வாங்கி விற்பார்கள். ஜப்பான் நைலக்ஸ் சேலை, மடக்குக் குடை, சிலோன் சோப்பு, புருவத்துக்கு மைப் பென்சில், உதட்டுச் சாயம், பஞ்சு வைத்த பவுடர் டப்பா. இதெல்லாம் எங்கள் ஊர்ச் சந்தையில் கண்ணால் காண முடியாத சாமான். தீர்த்தமாட வருகிற பெண்கள் சாமி கும்பிடுகிற நேரத்தைவிட அங்கே நிற்கிற நேரம் அதிகம். வீட்டுக்காரர் சத்திரத்தில் இடம் பிடிக்கப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு கடையில் ஏறினோம்.

“மூஞ்சிக்குப் பூசுற ஜப்பான் கிரீம் இருக்கா?” என்று நான்தான் கேட்டேன்.

கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். யாருக்கு என்று கேட்கவே இல்லை. அவள் பக்கமாகப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். “மூஞ்சிக்கு இருக்கு, கழுத்துக்கு இருக்கு, கைக்கு இருக்கு, கண்ணுக்குக் கீழ பூசுறதுக்குத் தனியா இருக்கு. ஜப்பான்காரி ஒடம்புல ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு டப்பி வச்சிருக்கா தாயி.”

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வெள்ளைக் கண்ணாடி டப்பியை எடுத்து வைத்தார். ரோஸ் நிற மூடி. மூடியில் விசிறி பிடித்த ஒரு பொம்பளை. திறந்தால் அரிசி மாவு வாசமும் பூ வாசமும் கலந்து வந்தது. ஒரு விரல் தொட்டு அவருடைய புறங்கையில் தடவினார். அவர் கறுத்த மனிதர். தடவிய இடம் வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது.

“வேர்த்தாலும் போகாது. சிலோன்ல நாடகக்காரிக விடியவிடியப் பூசிக்கிட்டு ஆடுறாளுக.”

நாத்தனார் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த ஆசையைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. டப்பியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

“என்ன எழுதியிருக்குன்னு படி. நீதான் பதினொண்ணு படிச்சவளாச்சே.”

டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குருவி கோடு கிழித்த மாதிரி எழுத்து.

“இது இங்கிலீசு இல்ல மதினி. ஜப்பான் எழுத்து.”

“அப்ப இங்கன நீயும் நானும் ஒண்ணுதான்னு சொல்லு.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். டப்பியைக் கீழே வைத்தாள். கடைக்காரரைப் பார்த்து, நல்ல தெளிவான குரலில், பக்கத்துக் கடைக்காரிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு டப்பி இருக்குன்னீகளே. வயித்துக்குப் பூசுறது இருந்தா எங்க மதினிக்கு ஒண்ணு குடுங்க. அஞ்சு வருசமா வேல செய்யல.”

பக்கத்துச் சங்குக் கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்காரர் தலையைக் குனிந்து தாளைக் கிழிக்க ஆரம்பித்தார்.

அந்த நிமிஷம் என் வாயில் ஒரு கேள்வி இருந்தது. தண்ணீர் பட்டால் இது நிற்குமா என்று கேட்கத்தான் நான் வாயைத் திறந்தேன். நாங்கள் வந்திருப்பது தீர்த்தமாடுகிற ஊருக்கு. முதலில் கடலில் முங்கி, அந்த ஈரத்தோடு கோயிலுக்குள் போய், இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரையும் வாளி வாளியாகத் தலையில் வாங்க வேண்டும். அது எனக்கு நினைவு வந்தது, அவளுக்கு வரவில்லை. கேள்வியை அப்படியே விழுங்கினேன். “கட்டிக் குடுங்க” என்றேன்.

அன்று சாயங்காலம் சத்திரத்து அறையில் நான்தான் அவளுக்குப் பூசிவிட்டேன். காது மடல், கழுத்து, தாடைக்குக் கீழே, எங்கும் கறுப்பு தெரியாமல் பூசினேன். மாமியார் கேட்டால் குறை சொல்ல இடம் இருக்கக் கூடாது. கண்ணாடியில் அவள் தன்னையே பார்த்தாள். கையெடுத்துத் தொடப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கைகளுக்கும் பூசச் சொன்னாள். டப்பி சிறியது, கைக்குக் காணாது என்றேன். முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

பிரகாரத்தில் தூண் விளக்கு வெளிச்சத்தில் அவர்களைப் பார்த்தோம். பையன், அவன் அம்மா, மாமா ஒருவர். பையனின் அம்மா வாட்டசாட்டமான பெண், கண் மட்டும் சின்னது. நாத்தனாரை மேலிருந்து கீழே பார்த்தாள். “பரவால்ல, களையாத்தான் இருக்கா” என்றாள். பையனுக்குப் பேச ஆசை.

“என்ன படிச்சிருக்கீக?”

“பதினொண்ணு.”

“நானும் அதேதான். கணக்குல தப்பிச்சது பெரும்பாடு.”

“எனக்குக் கணக்குத்தான் நல்லா வரும்.”

“அப்ப சங்கத்துக் கணக்கை வீட்டுக்குக் கொண்டாந்துற வேண்டியதுதான்” என்றான் அவன். அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அவளை அப்படி யாரும் சிரிக்க வைத்ததும் இல்லை. என் வீட்டுக்காரர் நிம்மதியாக ஒரு தூணில் சாய்ந்துகொண்டார்.

பையனின் அம்மா சொன்னாள்: “காலையில எல்லாரும் சேந்தே தீர்த்தமாடுவோம். குளிச்சிட்டு ஈரம் மாத்தி, சாமி முன்னாடி வச்சு இவளுக்குப் பூ வச்சிருவோம்.”

நாத்தனார் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கணக்கு நன்றாக வருகிறவளுக்கு அந்தக் கணக்கு அப்போதுதான் விளங்கியது.

சத்திரத்துக்கு வந்ததும், வீட்டுக்காரர் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, அவள் என் காலைத் தொட்டாள். நான் தடுக்கவில்லை.

“கடையில சொன்னது தப்புத்தான் மதினி. வாயில வந்துருச்சு. மன்னிச்சிருங்க.”

“என்ன வேணும் ஒனக்கு?”

“காலையில எனக்குக் காய்ச்சல்னு சொல்லுங்க. தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சொல்லுங்க. அண்ணன் ஆம்பள, அவுக சொன்னா எடுபடாது. நானே சொன்னா சந்தேகம் வரும். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

“கல்யாணத்துக்கு அப்புறம் என்ன செய்வ? ஆயுசுக்கும் டப்பியோட இருப்பியா?”

“அதுக்குள்ள அவுகளுக்கு என்னையப் பழகிரும்” என்றாள்.

நான் சரி என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை. சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அவள் போய்விட்டால் மாமியாருக்குப் பிறகு வீட்டில் நான் ஒருத்திதான் என்கிற கணக்கு எனக்கும் இருந்தது. சமையற்கட்டும் எனக்கு, சாவியும் எனக்கு. அவள் சொல்கிற சொல் காதில் விழாத வீடு. அதற்காகவாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில் கடற்கரையில் அவர்கள் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார்கள். பையனின் அம்மா கையில் வாழையிலைப் பொட்டலம். உள்ளே மல்லிகைச் சரம், பெண்ணுக்கு வைக்கிற பூ. ஆண்கள் ஒரு பக்கமாக இறங்கிப் போனார்கள். நாத்தனார் புதிதாகப் பூசிய முகத்தோடு என் பக்கத்தில் நின்றாள். என் இடுப்பை விரலால் இடித்தாள், சொல்லுங்க என்று. நான் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அந்தம்மா என்னிடம், “ஒனக்கு எத்தன புள்ளைக தாயி?” என்றாள்.

எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கம் இல்லை, நிமிர்ந்து பார்த்தே சமாளிப்பேன். நாத்தனார்தான் சொன்னாள். கெட்ட எண்ணத்தோடு சொன்னாள் என்று சொல்ல மாட்டேன். பேச்சு நின்றுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் சொன்னாள்.

“மதினிக்கு இல்லைங்க அத்தை. அதுக்குத்தான் அவுகளும் தீர்த்தமாட வந்துருக்காக.”

அந்தம்மாவின் முகம் மாறியது. என் பக்கம் இருந்த கையிலிருந்து பூப்பொட்டலத்தை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவு சாதாரணமாக, ஏதோ கனமாக இருந்தது மாதிரி மாற்றினாள்.

“அப்பப் பூ வைக்கும்போது இவ பக்கத்துல நிக்க வேணாம். புள்ளகுட்டிக்காரி யாராவது கோயிலுக்கு வந்திருப்பா, ஒருத்தியக் கூப்புட்டு வச்சிருவோம். மொத மொதல்ல செய்யிற காரியம் பாரு. என்னத்தா சொல்ற?”

கேட்டது நாத்தனாரை. அவள் என்னைப் பார்க்கவில்லை.

“ஆமா அத்தை. அதான் நல்லது” என்றாள்.

அண்ணன் பெண்டாட்டி பூ வைப்பதுதான் எங்கள் வழக்கம். அதற்கென்று பட்டுச்சேலை எடுத்து வந்திருந்தேன். பெட்டியில் மேலாகவே மடித்து வைத்திருந்தேன்.

அவள் மறுபடியும் என் இடுப்பை இடித்தாள். நான் சொன்னேன்:

“சரிங்க. மொதல்ல குளிச்சிருவோம். வெயில் ஏறுது.”

“அத்தை, எனக்கு ராத்திரி…” என்று அவள் ஆரம்பித்தாள்.

“வெக்கப்படுறா” என்றேன். “எங்க வீட்டுப் பொண்ணு கம்மாயில இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துறவ. இந்தத் தண்ணி அவள என்ன செய்யும்?” அவள் தோளைப் பிடித்து நானே கடலுக்குள் இறக்கினேன்.

கடலில் மூன்று முங்கு. எழுந்தபோது முகம் அப்படியே இருந்தது. கடைக்காரன் பொய் சொல்லவில்லை. உப்புத் தண்ணீர் அந்தக் கிரீமில் ஒட்டாமல் உருண்டு இறங்கியது. அவள் தண்ணீரில் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு. ஜெயித்துவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

கோயில் கிணறுகள் நல்ல தண்ணீர். ஒவ்வொரு கிணற்றுச் சுவர் மேலும் ஓர் ஆள் நின்று வாளியால் மொண்டு ஊற்றுவான். முதல் மூன்று கிணறும் தாங்கியது. நாலாவது கிணற்றில் அவள் முந்தானையை முகத்துக்கு இழுத்தாள். மேலே நின்றவன், “மொகத்த மூடாதக்கா, பாவம் எப்புடிப் போகும்?” என்று சத்தம் போட்டான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முந்தானையை எடுத்தாள். முழு வாளியையும் முகத்திலேயே அடித்தான்.

ஐந்தாவதில் நெற்றி கறுத்தது. ஆறாவதில் கன்னத்தில் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கியது. கழுத்து வெள்ளையாகவே நின்றது, முகம் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. ரவிக்கையின் மேலே சோறு வடித்த கஞ்சி மாதிரி வழிந்தது. அவள் இரண்டு கையாலும் துடைத்தாள், துடைக்கத் துடைக்கக் கூடியது.

பையனின் அம்மா பக்கத்தில் வந்தாள். “ஏத்தா, என்ன இது ஒழுகுது?” என்று தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். தன் ஈர முந்தானையால் அவள் கன்னத்தை ஒரு இழு இழுத்தாள். முந்தானையைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு அதை மகனுக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

“பாருடா. சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி அடிச்சுக் கூட்டியாந்துருக்காக. இந்த எடம் நமக்கு வேணாம்.”

பையன் அவள் முகத்தைப் பார்த்தான். சிரித்துவிட்டான். கெட்டவன் இல்லை அவன். பார்க்க அப்படி இருந்தது, சிரிப்பு வந்துவிட்டது. நேற்று அவளைச் சிரிக்க வைத்தவன் அவன். அந்தச் சிரிப்பில்தான் அவள் தலை குனிந்தது. அவன் அம்மா சொன்னதற்கு அவள் குனியவில்லை.

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். “என்ன எழவுடி இது?” என்று என்னைத்தான் கேட்டார்.

“ஒங்க அம்மா வாங்கச் சொன்ன கிரீம்” என்றேன்.

அத்தோடு அவரவர் வழியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போக முடியாது. தீர்த்தமாட ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்தக் கூடாது. மீதிப் பதினாறு கிணற்றையும் முடித்துத்தான் வெளியே வர வேண்டும். அவர்களுக்கும் அதே வரிசை, எங்களுக்கும் அதே வரிசை. பிடிக்கவில்லை என்று சொன்னவர்களும், சொல்லக் கேட்டவளும், நனைந்த துணியோடு ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு ஒன்றாக நடந்தோம். மாமாக்காரர் மட்டும் ஒவ்வொரு கிணற்றிலும் இது எத்தனையாவது என்று எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்தார். பையன் முன்னால் போய்விட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும், பின்னால் வந்தால் அவளைப் பார்த்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். அவன் பக்கவாட்டில் சுவரைப் பார்த்தபடி நடந்தான்.

கடைசியில் கோடி தீர்த்தம். அதற்குள் அவள் முகத்தில் ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை. நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. நல்ல முகம் அது. எடுப்பான மூக்கு, நீளக் கண். நான் அதுவரை அந்த முகத்தைக் கவனித்துப் பார்த்ததே இல்லை. பார்த்தேன், பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அந்தம்மா பூப்பொட்டலத்தை என்ன செய்வதென்று ஒரு கணம் நின்றாள். வாங்கிய பூவை ஊருக்குத் திரும்ப எடுத்துப் போகக் கூடாது. என்னிடம் நீட்டினாள்.

“இந்தா, நீயே வச்சுக்க. நீயாவது மூஞ்சியக் காட்டிக்கிட்டு நிக்கிற. ஒனக்காவது சாமி குடுக்கட்டும்.”

நான் வாங்கினேன். பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பூ முழுவதையும் என் தலையில் வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன். நாத்தனார் எதிர்ச் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். ராமநாதபுரம் வருகிற வரை அந்தப் பூவைப் பார்த்தபடி வந்தாள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. உறுத்தியது என்று எழுதினால் அது பொய்.

வீட்டில் மாமியார் வாசலிலேயே காத்திருந்தார். “என்னாச்சு?” என்றதற்கு நாத்தனார், “புடிக்கலயாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லவே இல்லை. என்னை மதினி என்றே கூப்பிட்டாள், எனக்குச் சோறு போட்டாள். பிள்ளைப் பேச்சை அதன் பிறகு எடுத்ததே இல்லை. அவள் வைது தீர்த்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அடுத்த வருஷம் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். காப்பித் தட்டோடு வர வேண்டியவள், ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். அவர்கள் முன்னால் நின்று, குடத்தைத் தூக்கித் தன் தலையில் கவிழ்த்தாள். சொட்டச் சொட்ட நின்று, “நல்லாப் பாத்துக்கோங்க. இதுதான் மொகம், சாயம் போகாது” என்றாள். வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அதற்கடுத்து ஒரே ஓர் இடம் வந்தது. அவர்களுக்கும் ஒரு குடம். பிறகு எங்கள் வாசலுக்கு யாரும் வரவில்லை. பெண்ணுக்குப் பித்து என்று பேர் விழுந்துவிட்டது.

எனக்கும் பிள்ளை பிறக்கவில்லை. கப்பல் நின்றது. பாம்பனுக்கு ரோட்டுப் பாலம் வந்தது. மாமியார் போய்ச் சேர்ந்தார். ஊருக்கு எழுத்தறிவு வகுப்பு வந்தபோது, சொல்லிக்கொடுக்கிற வேலை நாத்தனாருக்குக் கிடைத்தது. தெருப் பெண்கள் எல்லாம் போனார்கள், நான் போகவில்லை. அவள் முன்னால் சிலேட்டைப் பிடித்து உட்காருவேனா? பஸ் போர்டைப் பார்த்தும், ரேஷன் கடைப் பலகையைப் பார்த்தும் நானாகப் படித்துக்கொண்டேன். இப்போது எழுதுகிறேனே, இது அந்த எழுத்துதான். ராமநாதபுரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் ஜப்பான் கிரீம், கொரியா கிரீம் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் டப்பியைத் திருப்பிப் படித்துப் பார்த்து வாங்குகிறார்கள். நான் அந்தப் பக்கம் போனால் ரோட்டின் மறு ஓரமாக நடந்துவிடுவேன்.

என் வீட்டுக்காரர் தவறிய வருஷம், பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிப் போன மறுநாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டிருந்தது. நான் நடையில் நின்றுகொண்டே கேட்டேன். இத்தனை வருஷம் கேட்காததை, அவர் இல்லை என்றானதும் கேட்கத் துணிவு வந்தது.

“அன்னைக்குக் கடக்கரையில நான் வேணும்னேதான் காய்ச்சல்னு சொல்லாம விட்டேங்கிறது ஒனக்குத் தெரியும்ல?”

முறம் நிற்கவில்லை. “தெரியாம என்ன? நான் கூடத்தானே நின்னேன்.”

“அப்ப ஏன் ஒங்க அண்ணன்கிட்டச் சொல்லல?”

“சொல்லிருந்தா அண்ணன் ஒங்கள அன்னைக்கே அடிச்சு ஒங்க அய்யா வீட்டுக்கு அனுப்பிருப்பாக. அம்மா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்துச்சு. புள்ள இல்லாதவளத் தள்ளி வைக்க ஒரு சாக்கு வேணும், அம்புட்டுத்தான். ஒரு மாசத்துல வேற பொண்ணு வந்திருக்கும்.”

“அதான் கேக்குறேன். என்னையக் காப்பாத்தணும்னு ஒனக்கு என்ன?”

அப்போதுதான் அவள் முறத்தைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கோபமோ அழுகையோ ஒன்றும் இல்லை.

“காப்பாத்துனேன்னு யாரு சொன்னா? நீங்க போயிட்டா யாரு மதினி என்னையத் தெனமும் பாக்குறது? விடிஞ்சா நான், பொழுது சாஞ்சா நான். நான் ஆயுசுக்கும் இங்கன இப்புடித்தான் இருக்கப் போறேன்னு ஆயிப்போச்சு. அதைப் பாத்துக்கிட்டு நீங்களும் இங்கனயே இருக்கணும்ல.”

அரிசியில் கிடந்த ஒரு கல்லை எடுத்து முற்றத்தில் எறிந்தாள். பிறகு எழுந்து சேலையை உதறினாள்.

“கொழம்பு ஆறுது. வாங்க சாப்புட” என்றாள்.

போய் உட்கார்ந்தேன்.